பள்ளியிறுதி வாசலில் ஒரு மொழித்தாள்: பெஹாலாவும் வங்காளத்தின் எழுத்தறிவுத் தேர்வும்

பள்ளிப் படிப்பை முடித்ததற்கான சான்றிதழைப் பெற வேண்டுமானால், ஒரு மாணவர் மற்றப் பாடங்களில் எவ்வளவு தேர்ந்தவராயினும், குறிப்பிட்ட மொழியில் வாசிக்கவும் எழுதவும் தெரிந்தவர் என்பதைப் பொதுத்தேர்வு ஒன்றில் மெய்ப்பித்தாக வேண்டும் என்னும் விதி இன்று பல நாடுகளில் நடைமுறையில் உள்ளது. வங்காளத்தில் இவ்விதிக்கு வயது ஏறத்தாழ 170 ஆண்டுகள். எண்டிரன்ஸ், மெட்ரிகுலேஷன், ஸ்கூல் ஃபைனல், மாத்யமிக் எனத் தேர்வின் பெயர் மூன்று முறை மாறியபோதும், மொழித்தாளில் தேறாமல் பள்ளியை முடித்தவராக முடியாது என்னும் நிலை பெரிதும் மாறவில்லை. எந்த மொழி, அதைக் கற்றுத்தரும் பொறுப்பு யாருடையது, தேறாதவருக்கு அடுத்த வழி என்ன என்பவையே தலைமுறைதோறும் வாதத்துக்கு உள்ளாயின. கொல்கத்தாவின் தென்மேற்கில் டைமண்ட் ஹார்பர் சாலையின் இருமருங்கிலும் பரந்திருக்கும் பெஹாலா, அந்த வாதத்தின் பெரும்பாலான கட்டங்களைத் தன் நிலத்திலேயே கண்ட பகுதி என்பதால், இத்தேர்வின் வரலாற்றை அங்கிருந்து பார்ப்பது பொருத்தமாகும்.

எழுத்தறிவை அளப்பதற்கு இரண்டு நோக்கங்கள் இருக்கலாம் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். எங்கே பள்ளி இல்லை, எந்தப் பள்ளி கற்பிக்கத் தவறுகிறது என்று கண்டறிவதற்காக அளப்பது ஒன்று. யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்று தீர்மானிப்பதற்காக அளப்பது மற்றொன்று. முதல் வகையில் விடை சொல்ல வேண்டியது அரசும் பள்ளியும். இரண்டாம் வகையில் விடை சொல்ல வேண்டியது குழந்தை மட்டுமே. வங்காளத்தில் முதல் வகை அளவீடு முந்தியது என்பதும், இரண்டாம் வகை அதை மிக விரைவாக மறைத்துவிட்டது என்பதும் இவ்வரலாற்றின் அடிப்படைச் செய்திகள்.

பாடசாலைகளின் காலம்

பெஹாலாவின் பழைய பகுதியான பரிஷா, சாபர்ண ராய் சௌதுரி குடும்பத்தின் இருப்பிடமாக அறியப்பட்டது. சூத்தாநூட்டி, கோவிந்தபூர், கலிகாத்தா ஆகிய மூன்று கிராமங்களின் உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மாற்றித்தந்த 1698 நவம்பர் 10-ஆம் நாளைய பத்திரம், பரிஷாவிலுள்ள ஆட்சாலா மண்டபத்தில் கையெழுத்தானது என்று அக்குடும்ப மரபு கூறுகிறது. நகரம் பிறந்தது வடக்கே ஹூக்ளிக் கரையில். பெஹாலாவும் அதன் சுற்றூர்களும் அதற்குப் பின்னரும் நெடுங்காலம் வயலும் குளமும் சூழ்ந்த கிராமங்களாகவே நீடித்தன. அத்தகைய வங்காளக் கிராமங்களில் எழுத்தைக் கற்பித்தவை, தமிழகத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களை ஒத்த பாடசாலைகள். குருமஹாஷய் என்றழைக்கப்பட்ட ஒற்றை ஆசிரியர், நிலக்கிழார் ஒருவரின் முற்றத்திலோ மரத்தடியிலோ பிள்ளைகளைக் கூட்டி, பெற்றோர் தரும் காசையும் தானியத்தையும் கொண்டு அவற்றை நடத்தினார்.

அப்பாடசாலைகளில் எழுத்து எவ்வாறு படிப்படியாகப் பயிற்றுவிக்கப்பட்டது என்பதை, 1835-க்கும் 1838-க்கும் இடையே மூன்று அறிக்கைகளை அரசுக்கு அளித்த வில்லியம் ஆடம் விரிவாகப் பதிவுசெய்துள்ளார். முதற்கட்டத்தில் பத்து நாட்களுக்கு மிகாமல், குழந்தை ஒரு குச்சியால் தரையில் எழுத்தைக் கீறியது. இரண்டாம் கட்டத்தில் இரண்டரை முதல் நான்கு ஆண்டுகள் வரை, நாணல் பேனாவால் பனையோலையில் எழுதி, கூட்டெழுத்துகளையும் ஊர்ப்பெயர், ஆட்பெயர், எண் வாய்பாடு ஆகியவற்றையும் கற்றது. மூன்றாம் கட்டத்தில் இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வாழையிலையில் எழுதி, கடித நடையையும் கணக்கையும் பழகியது. இறுதிக் கட்டத்தில்தான் காகிதம் கைக்கு வந்தது. அதில் குத்தகை ஒப்பந்தம், விண்ணப்பம், கணக்கேடு ஆகியவற்றை எழுதும் திறன் வரை பயிற்சி நீடித்தது. இம்முறையில் இறுதித் தேர்வு என்று ஒன்று கிடையாது. ஓலையிலிருந்து இலைக்கும், இலையிலிருந்து காகிதத்துக்கும் குழந்தை முன்னேறியதே அதன் தேர்ச்சிக்குச் சான்றாக இருந்தது.

ஆடமின் முதல் அறிக்கை வங்காளத்திலும் பீகாரிலும் சேர்த்து ஒரு லட்சம் ஊர்ப்பள்ளிகள் இருக்கக்கூடும் என மதிப்பிட்டது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே சென்னை மாகாணத்தில் ஆளுநர் தாமஸ் மன்றோவின் ஆணைப்படி எடுக்கப்பட்ட கணக்கு 12,498 பள்ளிகளையும் 1,88,650 மாணவர்களையும் காட்டியிருந்தது. ஆயினும் பள்ளிகளின் எண்ணிக்கையோடு ஆடம் நிறைவடையவில்லை. தேர்ந்தெடுத்த காவல் வட்டங்களில் வீடுவீடாக விசாரித்து, வளர்ந்தவர்களை அவர்தம் எழுத்தறிவின் அளவுக்கேற்பப் பிரித்தார்: உயர்கல்வி பெற்றுக் கற்பிப்போர், எழுதப்படிக்க நன்கு அறிந்தோர், எழுத்தை ஒருவாறு அடையாளம் காணவோ தம் பெயரைக் கையெழுத்திடவோ மட்டும் தெரிந்தோர் என்று அப்பிரிவுகள் அமைந்தன. இந்திய மண்ணில் மக்களின் எழுத்தறிவை நேரில் சோதித்துப் படிநிலைப்படுத்திய தொடக்ககால முயற்சிகளுள் இது முக்கியமானது. அதன் நோக்கம் யாரையும் தள்ளுவதாக இருக்கவில்லை. எங்கே, எந்த மொழியில், எத்தகைய பள்ளியை அரசு ஆதரிக்க வேண்டும் என்பதை அறிவதே அதன் நோக்கம். ஆடமின் பரிந்துரைகள் ஏற்கப்படாமல் கிடப்பில் போடப்பட்டன.

கிடப்பில் கிடந்த அவ்வறிக்கைகளை 1868-இல் மீண்டும் பதிப்பித்து அரசின் முன் வைத்தவர் ஜேம்ஸ் லாங் பாதிரியார். அயர்லாந்தில் 1814-இல் பிறந்து, 1840-இல் கல்கத்தாவுக்கு வந்த அவர், பெஹாலாவின் தென்கோடியான தாக்கூர்புகூரில் மறைப்பணித் தளம் அமைத்து, அங்கே வங்காள மொழிவழிப் பள்ளியை நடத்தினார். அச்சான வங்காள நூல்களும் சிறுநூல்களுமாக 1,400 வெளியீடுகளின் விவரப்பட்டியலை 1855-இல் வெளியிட்டு, மக்கள் மொழியில் படிக்க ஒன்றுமில்லை என்று கூறிவந்தவர்களுக்கு மறுக்கவியலாத விடையளித்தார். அவுரி உழவரின் துயரைக் காட்டும் தீனபந்து மித்ராவின் 'நீல தர்ப்பண்' நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை 1861-இல் வெளியிட்டதற்காக அவர் ஒரு மாதச் சிறையும் 1,000 ரூபாய் தண்டமும் பெற்றதைப் பலர் அறிவர். உழவரின் பிள்ளை தன் மொழியில் எழுதப்படிக்கக் கற்றாலன்றி அவுரித் தோட்ட முதலாளி நீட்டும் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அறிய முடியாது என்ற கவலை அவரது கல்விப் பணிக்கும் அவ்வழக்குக்கும் பொதுவானது என்பது அதே அளவுக்கு நினைக்கப்பட வேண்டியது. இன்று பெஹாலாவில் டைமண்ட் ஹார்பர் சாலைக்கு இணையாகச் செல்லும் ஜேம்ஸ் லாங் சரணி அவர் பெயரைத் தாங்கியுள்ளது. 1917 முதல் 1957 வரை காளிகாட்–ஃபால்டா சிற்றிருப்புப்பாதை ஓடிய தடத்தின்மேல் அமைந்த சாலை அது.

எண்டிரன்ஸ் என்னும் வாசல்

லாங் தாக்கூர்புகூரில் வங்காள எழுத்தைக் கற்பித்த அதே ஆண்டுகளில், கல்வியின் திசையை நிர்ணயித்த முடிவுகள் வேறோரிடத்தில் எடுக்கப்பட்டன. ஆங்கிலக் கல்வி பெற்றவர்களுக்கே அரசுப் பணியில் முன்னுரிமை என்று தலைமை ஆளுநர் ஹார்டிஞ்சின் 1844 தீர்மானம் அறிவித்தது. 1854-இல் வந்த உட் அறிக்கை, பல்கலைக்கழகங்களை அமைக்கவும், உயர்கல்விக்கு ஆங்கிலத்தையும் பரவலான கல்விக்கு மக்கள் மொழிகளையும் பயன்படுத்தவும் வழிவகுத்தது. 1857 ஜனவரி 24-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் அதன் முதல் எண்டிரன்ஸ் தேர்வு, அதாவது பல்கலைக்கழக நுழைவுத்தேர்வு, கல்கத்தா டவுன் ஹாலில் 244 பேருக்கு நடத்தப்பட்டது. தேறியவர்களுள் பின்னாளில் வங்காள நாவலின் முன்னோடியாகப் போற்றப்பட்ட பங்கிம் சந்திர சட்டோபாத்யாயும் ஒருவர். பரிஷா உயர்நிலைப் பள்ளி 1856-இல் தோன்றியது. பல்கலைக்கழகத்துக்கு ஓராண்டு மூத்த அப்பள்ளி, பெஹாலாவின் பிள்ளைகளுக்கு அப்புதிய வாசலுக்கான வழியாயிற்று.

பெயரளவில் இது பள்ளியிறுதித் தேர்வு அன்று. கல்லூரிக்குள் நுழைவோரைச் சலிக்கப் பல்கலைக்கழகம் நடத்திய தேர்வு. ஆனால் உயர்நிலைப் பள்ளிக்கென வேறு இறுதித் தேர்வு எதுவும் செல்வாக்குப் பெறாத நிலையில், கல்லூரிக்குச் செல்லாதவருக்கும் இதுவே பள்ளியை முடித்ததற்கான அடையாளமாயிற்று. எழுத்தர் வேலைக்கும், வழக்குமன்ற வேலைக்கும், ரயில்வே வேலைக்கும் எண்டிரன்ஸ் தேர்ச்சி கேட்கப்பட்டது. தேறாதவர்கள்கூட அதுவரை படித்ததைக் காட்டுவதற்காக 'எண்டிரன்ஸ் ஃபெயில்' என்று விண்ணப்பத்தில் குறிப்பிடும் வழக்கம் உருவாயிற்று. சென்னை மாகாணத்தில் 'மெட்ரிக் ஃபெயில்' என்பது பெற்ற மதிப்பும் இதே வகையினது.

தேர்வின் மொழி குறித்த முடிவே மிகக் கடுமையான விளைவைத் தந்தது. தொடக்க ஆண்டுகளில் வரலாறு, புவியியல், கணிதம் போன்ற பாடங்களுக்குத் தாய்மொழியில் விடையெழுத இடமிருந்தது. 1861–62-இல் விதி திருத்தப்பட்டு, வேறு வகையாகக் குறிப்பிடப்பட்டாலன்றி எல்லா விடைகளும் ஆங்கிலத்திலேயே இருக்க வேண்டும் என்றாயிற்று. அதன்பின் கணிதத்தாளும் வரலாற்றுத்தாளும் மறைமுகமாக ஆங்கில எழுத்தறிவுத் தேர்வுகளாயின. அக்பரின் நிலவரி முறையை நன்கு அறிந்த மாணவர், அதை ஆங்கில வாக்கியத்தில் அமைக்கத் தெரியாவிட்டால், அறியாதவராகவே மதிக்கப்பட்டார். பள்ளிகளும் இதற்கேற்ப வளைந்தன. மேல்வகுப்புகளில் வங்காள மொழி பின்தள்ளப்பட்டு, ஆங்கிலப் பாடநூலுக்குப் பொருளுரை எழுதிய 'நோட்ஸ்' புத்தகங்களை மனப்பாடம் செய்வது படிப்பின் மையமாயிற்று.

இத்தேர்வோடு பிறந்து இன்றுவரை வங்காளத்தில் நிலைத்துள்ள ஒரு வழக்கம் 'டெஸ்ட்'. பொதுத்தேர்வுக்குச் சில மாதங்களுக்கு முன் பள்ளியே நடத்தும் தகுதித்தேர்வு இது. இதில் தேறியவர்களின் பெயரையே தலைமையாசிரியர் பொதுத்தேர்வுக்கு அனுப்புவார் என்பதால், பழைய வழக்கில் அவர்கள் 'சென்ட் அப்' ஆனவர்கள் எனவும், இன்றைய பேச்சில் 'அலாவ்' ஆனவர்கள் எனவும் சொல்லப்படுகின்றனர். அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் டெஸ்ட் பட்டியலில் பெயர் இல்லாத மாணவர் பொதுத்தேர்வின் கணக்கிலேயே வருவதில்லை. ஆகவே பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு குறைவதுமில்லை. பல பள்ளிகளின் டெஸ்ட் வினாத்தாள்களைத் திரட்டி, 1921-இல் தோன்றிய அனைத்து வங்காள ஆசிரியர் சங்கம் போன்ற அமைப்புகள் வெளியிட்டுவரும் தடித்த 'டெஸ்ட் பேப்பர்' தொகுப்பு, வங்காளத்தில் பத்தாம் வகுப்பு மாணவரின் மேசையில் தவறாமல் காணப்படும் நூல். ஒரு வாசலுக்கு முன் மற்றொரு வாசலை வைக்கும் இம்முறை, எழுத்தறிவில் பின்தங்கிய மாணவரை அரசின் கண்ணுக்குத் தெரியாமலே வடித்துவிடக்கூடியது என்பது அதன் பெருங்குறை.

தாய்மொழி திரும்பிய வழி

ஆங்கிலத்தின் தனியாட்சிக்கு எதிர்ப்பு பல்கலைக்கழகத்துக்குள்ளிருந்தே எழுந்தது. ஆசுதோஷ் முகர்ஜி 1891-இல் இந்திய மொழிகளைத் தேர்வுகளில் இடம்பெறச் செய்ய முன்வைத்த தீர்மானம் தோற்றது. மறு ஆண்டில் இரவீந்திரநாத் தாகூர் 'சிக்ஷார் ஹேர்ஃபேர்' என்னும் கட்டுரையில், பிறமொழியைச் சுமந்து களைக்கும் குழந்தைக்குச் சிந்திக்க நேரம் எஞ்சுவதில்லை என்னும் கருத்தை விரித்தார். 1904-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தைத் தொடர்ந்து ஆசுதோஷ் முகர்ஜி துணைவேந்தராக இருந்தபோது வகுக்கப்பட்ட புதிய விதிகளின்படி எண்டிரன்ஸ் தேர்வு மெட்ரிகுலேஷனாக மாறியது. தாய்மொழியில் கட்டுரை எழுதுதல் கட்டாயமாயிற்று. இதனால் இத்தேர்வு ஆங்கிலத்தோடு தாய்மொழி எழுத்தறிவையும் கட்டாயமாகக் கோரியது. இருப்பினும் மற்றப் பாடங்களின் மொழி ஆங்கிலமாகவே தொடர்ந்தது. லீட்ஸ் பல்கலைக்கழகத் துணைவேந்தர் மைக்கேல் சாட்லரின் தலைமையில் 1917 முதல் 1919 வரை செயல்பட்ட கல்கத்தாப் பல்கலைக்கழக ஆணையம், உயர்நிலைக் கல்வியைப் பல்கலைக்கழகத்தின் பிடியிலிருந்து விடுவித்துத் தனி வாரியத்திடம் ஒப்படைக்கவும், பள்ளிகளில் தாய்மொழிவழிக் கற்பித்தலை விரிவாக்கவும் பரிந்துரைத்தது.

தாய்மொழித் தேர்வு கட்டாயமானபின் எழுந்த முதற்சிக்கல், எது சரியான எழுத்து என்பதே. ஒரே சொல்லைப் பல வகையாக எழுதும் வழக்கம் வங்காளத்தில் பரவியிருந்ததால், விடைத்தாள் திருத்துவோரிடையே ஒருமை இருக்கவில்லை. எனவே பல்கலைக்கழகம் ராஜசேகர் பாசுவின் தலைமையில் எழுத்துமுறைக் குழு ஒன்றை அமைத்து, 1936 மே மாதத்தில் வங்காள எழுத்துமுறை விதிகளை வெளியிட்டது. தாகூர் 1937-இல் அப்பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு உரையை வங்காளத்தில் நிகழ்த்தியதும், 1940-இல் மெட்ரிகுலேஷன் பாடங்களைத் தாய்மொழியில் எழுதும் முறை நடைமுறைக்கு வந்ததும் இதே போக்கின் தொடர்ச்சி. ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்குப்பின், வரலாறு அறிந்த மாணவர் வரலாற்றில் தேற முடிந்தது. ஆங்கிலத்தாள் தனித்தாளாக, ஆனால் கட்டாயத் தாளாக, நீடித்தது.

எழுத்து என்பது கண்ணால் காணும் வடிவம் மட்டும்தானா என்னும் கேள்விக்குப் பெஹாலாவில் அக்காலத்திலேயே விடை கிடைத்தது. லால் பிஹாரி ஷா என்னும் ஆசிரியர் 1897-இல் தொடங்கி, பின்னர் பெஹாலாவுக்கு இடம்பெயர்ந்த கல்கத்தா பார்வையற்றோர் பள்ளி, கிழக்கிந்தியாவில் அத்தகைய கல்விக்கு முன்னோடியாக விளங்கியது. ஷா, வங்காள ஒலிகளுக்கேற்ற பிரெயில் குறியீட்டை வகுத்து, விரல்நுனியால் தாய்மொழியை வாசிக்கும் வழியை உண்டாக்கினார். இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான பாரதி பிரெயில் 1951-இல் ஏற்கப்படுவதற்கு மிக முன்னரே நடந்த முயற்சி அது. தேர்வெழுதும் மாணவர் சொல்லச்சொல்லப் பிறர் எழுதித்தரும் ஏற்பாடு பொதுத்தேர்வில் இன்று ஏற்கப்பட்டுள்ளது என்றால், எழுத்தறிவு என்பது பேனா பிடிக்கும் திறமை அன்று, பொருளை உணர்ந்து தன் கருத்தை அமைக்கும் திறமையே என்று தேர்வு வாரியம் ஒப்புக்கொண்டதாகும். அந்த ஒப்புதலின் பயன் மாற்றுத்திறனாளி மாணவரோடு நின்றுவிட்டது வருந்தத்தக்கது.

ஸ்கூல் ஃபைனல் முதல் மாத்யமிக் வரை

சாட்லர் ஆணையம் கேட்ட தனி வாரியம், நாடு பிரிவினையுற்ற பின்னரே மேற்கு வங்கத்துக்குக் கிட்டியது. 1950-ஆம் ஆண்டுச் சட்டப்படி 1951-இல் உயர்நிலைக் கல்வி வாரியம் அமைந்தது. 1952 முதல் ஸ்கூல் ஃபைனல் தேர்வு மெட்ரிகுலேஷனின் இடத்தைப் பிடித்தது. கிழக்கு வங்கத்திலிருந்து ஏதிலிகளாக வந்த குடும்பங்கள் பெஹாலாவிலும் குடியேறி, காலனிகளாகப் பெருகிய காலம் அது. நிலத்தையும் வீட்டையும் இழந்து வந்த அக்குடும்பங்களுக்குப் பிள்ளையின் சான்றிதழே எஞ்சிய ஆஸ்தியாகத் தோன்றியதில் வியப்பில்லை. தாக்கூர்புகூரில் விவேகானந்தர் கல்லூரி 1950-இலும், பெஹாலா கல்லூரி 1963-இலும் தோன்றியமை, பள்ளியிறுதி வாசலைத் தாண்டி வந்தவர்களின் பெருக்கத்தைக் காட்டுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியாரின் தலைமையில் 1952–53-இல் பணியாற்றிய உயர்நிலைக் கல்வி ஆணையம், வெளித்தேர்வு ஒன்றே பள்ளி வாழ்வு முழுவதையும் ஆட்டிப்படைப்பதைக் கண்டித்து, மாணவரின் பள்ளிப் பதிவுகளுக்கும் மதிப்பளிக்க வேண்டும் என்றது. பள்ளிப்படிப்பின் ஆண்டுக்கணக்கு மாறியது. தேர்வின் ஆதிக்கம் மாறவில்லை.

கோத்தாரி ஆணையம் வகுத்த பத்தும் இரண்டும் என்னும் கல்விமுறையை ஏற்ற மேற்கு வங்கம், பத்தாம் வகுப்பு இறுதியில் நடத்தும் மாத்யமிக் தேர்வை 1976-இல் தொடங்கியது. ஏழு பாடங்களைக் கொண்ட இன்றைய மாத்யமிக்கில் முதல் நாள் முதல்மொழித் தாள், மறுநாள் இரண்டாம் மொழித் தாள். வங்காளம், இந்தி, உருது, நேபாளி, சந்தாலி, தெலுங்கு முதலியவற்றோடு தமிழும் முதல்மொழிப் பட்டியலில் உள்ளது. முதல்மொழி ஆங்கிலம் அல்லாத எவருக்கும் இரண்டாம் மொழி ஆங்கிலமே. முதல்மொழி ஆங்கிலமாயின் இரண்டாம் மொழி வங்காளம் அல்லது நேபாளி. ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்வுக்கு 90 மதிப்பெண், பள்ளி அளிக்கும் உள்மதிப்பீட்டுக்கு 10. மொத்தத்தில் 25-க்குக் குறைந்தால் அத்தாளில் தேர்ச்சியில்லை. வினாத்தாளைக் கையில் கொடுத்தபின், அதை வாசிப்பதற்கென்றே முதல் 15 நிமிடங்கள் ஒதுக்கப்படுகின்றன. பொருள் உணர்ந்து வாசிக்கப் பழகாத மாணவருக்குத் தேர்வு அந்தப் பதினைந்து நிமிடங்களிலேயே முடிந்துவிடுகிறது. வங்காளத் தாளில் உரைநடை, செய்யுள், இலக்கணம், கட்டுரை, செய்தியறிக்கை அல்லது உரையாடல் ஆகியவற்றோடு, சிறிய ஆங்கிலப் பத்தி ஒன்றை வங்காளத்தில் பெயர்க்கும் வினாவும் உண்டு. தாய்மொழித் தாளிலும் ஆங்கிலத்துக்கு ஒரு மூலை ஒதுக்கப்பட்டிருப்பது எண்டிரன்ஸ் காலத்தின் எச்சம்.

மாத்யமிக் தொடங்கிய மறு ஆண்டில் ஆட்சிக்கு வந்த இடதுசாரி முன்னணி, தொடக்கப்பள்ளியில் தாய்மொழி ஒன்றே போதும் என முடிவுசெய்து, 1980-களின் முற்பகுதியில் அரசு தொடக்கப்பள்ளிகளிலிருந்து ஆங்கிலத்தை நீக்கியது. ஆங்கிலம் ஆறாம் வகுப்பில்தான் தொடங்கியது. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் ஏழைக் குழந்தைகள், புரியாத மொழியின் சுமையால் இடையில் நின்றுவிடுகின்றனர் என்பது அரசின் வாதம். அதில் உண்மை இருந்தது. சுகுமார் சென், நீஹாரரஞ்சன் ராய் போன்ற அறிஞர்கள் எதிர்த்தனர். அவர்தம் அச்சத்திலும் உண்மை இருந்தது. பள்ளியில் ஐந்தாண்டு ஆங்கிலம் போயிற்று, ஆனால் மாத்யமிக்கின் கட்டாய ஆங்கிலத்தாள் போகவில்லை என்பதே இக்கொள்கையின் உள்முரண். 1967-இல் பீகாரின் கல்வி அமைச்சராக இருந்த கர்ப்பூரி தாக்கூர், மெட்ரிக் தேர்ச்சிக்கு ஆங்கிலம் கட்டாயமில்லை என ஆக்கி, வாசலையே அகலப்படுத்தினார். அதனால் 'கர்ப்பூரி டிவிஷன்' என்ற ஏளனத்தை அம்மாணவர்கள் ஏற்க நேர்ந்தது. மேற்கு வங்கமோ வாசலை அப்படியே வைத்து, அதற்கு ஏறும் படிகளைக் குறைத்தது.

விளைவை ஏற்றவை குடும்பங்கள். வசதியுள்ளோர் பிள்ளைகளைத் தனியார் ஆங்கிலவழிப் பள்ளிகளுக்கு மாற்றினர். இடைப்பட்டோர் தனிப்பயிற்சி ஆசிரியரை நாடினர். இரண்டும் இயலாதோரின் பிள்ளைகள் மாத்யமிக்கின் இரண்டாம் நாளில் திணறினர். 1984-இல் தென்புறநகர் நகராட்சியிலிருந்து கல்கத்தா மாநகராட்சிக்குள் வந்து, நடுத்தர வகுப்பினர் பெருகிய பெஹாலா போன்ற பகுதிகளில் இம்மூன்று வகைக் குடும்பங்களும் ஒரே தெருவில் வாழ்ந்தன. அமர்த்தியா சென்னின் பிரதீசி அறக்கட்டளை 2002-இல் வெளியிட்ட கல்வி அறிக்கை, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் தனிப்பயிற்சியை நம்பியிருப்பதைக் கவலையோடு சுட்டியது. பவித்ர சர்க்கார் குழுவின் பரிந்துரையை ஒட்டி 1999-இல் மூன்றாம் வகுப்பிலும், 2004-இல் முதல் வகுப்பிலும் ஆங்கிலம் திரும்பியது. தனிப்பயிற்சிப் பழக்கம் திரும்பிப் போகவில்லை. 2022-ஆம் ஆண்டு ஏசர் (ஆண்டுக் கல்விநிலை அறிக்கை) ஆய்வின்படி மேற்கு வங்க ஊரகப் பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் கட்டணப் பயிற்சிக்குச் செல்பவர்கள்.

கட்டாய மொழி என்பது வகுப்பறையைத் தாண்டியும் தீப்பற்றக்கூடியது என்பதை 2017 காட்டியது. மாநிலத்தின் எல்லாப் பள்ளிகளிலும் வங்காளம் கட்டாயமாகும் என்ற அறிவிப்பு டார்ஜிலிங் மலைப்பகுதியின் நேபாளி பேசும் மக்களிடையே கிளர்ச்சியைத் தூண்டியது. மலைப்பகுதிக்கு அது பொருந்தாது என அரசு விளக்கியபின்னும், கோர்க்காலாந்துத் தனி மாநிலக் கோரிக்கையோடு இணைந்த முழு அடைப்பு 104 நாட்கள் நீடித்தது. தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டப்படி முதல் வகுப்பில் தொடங்கிய கட்டாயத் தமிழ், ஆண்டுக்கொரு வகுப்பாக ஏறி, 2015–16-இல் பத்தாம் வகுப்பை எட்டியது. பத்தாண்டு கற்பித்தபின்னரே தேர்வில் கேட்பது என்னும் அவ்வரிசை நியாயமானது. ஆனால் சிறுபான்மை மொழிப் பள்ளிகளில் போதிய தமிழாசிரியர் இல்லை என்ற முறையீட்டோடு வழக்குகள் நீதிமன்றம் சென்றன என்பதையும் மறைக்கக் கூடாது.

வேறொரு நாட்டின் பாடம்

எழுத்தறிவுத் தேர்வைப் பள்ளிப் பட்டயத்தின் வெளிப்படையான நிபந்தனையாக்கிய அண்மைக்கால எடுத்துக்காட்டு, பெருந்தொகையான ஈழத்தமிழ்க் குடும்பங்கள் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணம். 2000-இல் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தோர் தொடங்கி, பத்தாம் வகுப்பில் நடக்கும் எழுத்தறிவுத் தேர்வில் தேறுவது அங்கே உயர்நிலைப் பட்டயத்துக்குக் கட்டாயமாயிற்று. 1996-இல் அமைக்கப்பட்ட கல்வித்தர, பொறுப்புடைமை அலுவலகம் அதை நடத்துகிறது. இலக்கியப் பாடத்தை அது கேட்பதில்லை; செய்தியையும் தகவலையும் வாசித்துப் பொருள் கொள்ளவும், கருத்தை ஒழுங்காக எழுதவும் தெரிகிறதா என்றே பார்க்கிறது. வீட்டில் வேற்றுமொழி பேசும் புதிய குடியேறிகளின் பிள்ளைகளுக்கு அது தடையாகலாம் என்ற விமர்சனம் தொடக்கம் முதலே இருந்தது. 2003 முதல் தேறாதவர்களுக்கு மாற்றாக ஓர் எழுத்தறிவுப் பாடநெறி வந்தது. ஆசிரியரின் துணையோடு அதைப் படித்து முடித்தால் நிபந்தனை நிறைவேறும். பள்ளிவாரியாக முடிவுகள் வெளியிடப்படுவதால், பின்தங்கிய பள்ளி எது என்பதும் பொதுமக்களுக்குத் தெரிகிறது. அளவீட்டின் இரு நோக்கங்களையும் ஒரே தேர்வில் இணைத்து, வாசலுக்கு அருகே மற்றொரு கதவையும் திறந்துவைத்த இம்முறை குறையற்றதன்று. ஆயினும் வங்காளம் 170 ஆண்டுகளில் முழுமையாகச் செய்யாத ஒன்றைச் செய்துள்ளது.

மேற்கு வங்கத்திலும் மாற்றுக்கதவுகள் அறவே இல்லை என்று கூறமுடியாது. தாகூர் பெயரிலமைந்த திறந்தநிலைப் பள்ளிக் கழகம் மாத்யமிக்குக்கு நிகரான தேர்வை நடத்துகிறது. ஓரிரு பாடங்களில் தவறியவர் அவற்றை மட்டும் மீண்டும் எழுதும் முறையும் உண்டு. பெருந்தொற்றுக் காலமான 2021-இல் மாத்யமிக் கைவிடப்பட்டு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் முந்தைய மதிப்பீடுகளின் அடிப்படையில் அனைவரும் தேறியதாக அறிவிக்கப்பட்டனர். ஆனால் இவை தேறாதவருக்கு மறுமுறை எழுத இடம் தருகின்றன, அல்லது ஓராண்டுக்குத் தேர்வையே நிறுத்திவைக்கின்றன. தேறாத மாணவருக்கு வாசிப்பையும் எழுத்தையும் ஆற அமரக் கற்பிக்கும் கடமையைப் பள்ளியின்மேல் சுமத்துவதில்லை.

பத்தாண்டுகள் பள்ளிக்கு வந்த ஒரு குழந்தை எழுதப்படிக்கத் தெரியாமல் வெளியேறக் கூடாது என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. அதை உறுதிசெய்ய ஒரு தேர்வு இருப்பதும் தவறன்று. அத்தேர்வு நியாயமானதாக இருக்க மூன்று நிபந்தனைகள் வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் தீர்ப்பு: தேர்வில் கேட்கும் மொழியை முதல் வகுப்பிலிருந்தே தகுந்த ஆசிரியரைக் கொண்டு அரசு கற்பித்திருக்க வேண்டும், டெஸ்டில் நிறுத்தப்பட்டவர்கள் உட்பட ஒவ்வொரு பள்ளியின் முடிவும் பொதுவில் வைக்கப்பட வேண்டும், தேறாத மாணவருக்குக் கட்டணமின்றிப் பள்ளியிலேயே கற்று முடிக்கும் பாடநெறி உரிமையாக வேண்டும். ஆடம் எழுத்தறிவை அளந்ததும், லாங் அவ்வளவீட்டை மீண்டும் அரசின் முன் வைத்ததும் பள்ளியைத் திருத்துவதற்காக. மேற்கு வங்கமும் தமிழ்நாடும் தத்தம் பத்தாம் வகுப்புத் தேர்வை மறுபடி அந்த நோக்கத்துக்குத் திருப்ப வேண்டும்; அதுவரை மொழித்தாளில் தவறும் ஒவ்வொரு குழந்தையின் தோல்வியும் அக்குழந்தையைக் கற்பிக்கத் தவறிய அரசின் தோல்வியாகவே எண்ணப்பட வேண்டும்.